மாறியிருந்தால் மட்டும் கொடு

பண்டிகைத் தள்ளுபடிகள் தொடங்கினால் வாசகர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது: “விலை குறைந்த உடனே தெரிந்துகொள்ள எந்தச் செயலி நல்லது?” செயற்கை நுண்ணறிவு உங்களுக்கென்றே பொறுக்கியெடுத்த சலுகை என்று கைபேசியை அதிரவைக்கும் அறிவிப்புகளை நம்புவதற்கில்லை. எந்தக் கணக்கில் பொறுக்கியது என்று வாங்குகிறவருக்கு யாரும் சொல்வதில்லை. அதைவிட நேர்மையான கருவி கால் நூற்றாண்டுக்கும் மேலாக இலவசமாகவே கிடைக்கிறது: ஆர்.எஸ்.எஸ். எனப்படும் செய்தியோடை.

திறந்து பார்த்தால் அது வெறும் எழுத்துக் கோப்பு. ஒவ்வொரு பதிவுக்கும் தலைப்பு, இணைப்பு, வெளியான நேரம், ஓர் அடையாளக் குறி. ஆஸ்திரேலியாவின் ஓஸ்பார்கெய்ன் போன்ற சலுகைத் தளமும் பிபிசி தமிழும் தருவது இதே வடிவம்தான். ஃபீட்லி, இன்னோரீடர் போன்ற படிப்பான்களில் முகவரியைச் சேர்த்துவிட்டால் புதியவை தாமாக வந்து நிற்கும்.

தாமாக வருவதுபோல் தெரிகிறதே தவிர, பெரும்பாலும் படிப்பான்தான் சளைக்காமல் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறது. அழகு அந்தக் கேட்கும் முறையில் இருக்கிறது. முதல் தடவை கோப்பைக் கொடுக்கும்போதே தளத்தின் வழங்கிக் கணினி அதனுடன் ‘ஈ-டேக்’ என்ற சிறு குறியையும் கொடுத்தனுப்பும். அடுத்த தடவை படிப்பான் அந்தக் குறியைக் காட்டி, “இது மாறியிருந்தால் மட்டும் கொடு” என்கிறது. மாறவில்லையென்றால் வரும் பதில் 304 என்ற எண். கோப்பு வராது.

ரேஷன் கடைக்குப் பையனை அனுப்புவதுபோல. போன முறை கொடுத்த சீட்டை அவன் நீட்டுகிறான். கடைக்காரர் பார்த்துவிட்டு “புதுச் சரக்கு வரலப்பா” என்கிறார். மூட்டையைப் பிரிக்கவில்லை, தராசைத் தொடவில்லை. சரக்கு வந்துவிட்டால் பழையதும் புதியதும் கலந்த முழுப் பையையும் கொடுத்துவிடுவார். வீட்டில் ஏற்கெனவே இருப்பதை அடையாளக் குறி பார்த்து ஒதுக்குவது பையனின் வேலை. தெருவில் உள்ள எல்லாப் பையன்களும் மணி அடித்ததும் ஒரே நேரத்தில் ஓடிவந்தால் கடை திணறும். அதனால், “இத்தனை நிமிடம் கழித்து வா”, “இந்த மணிகளில் வராதே” என்று பலகை மாட்டவும் ஓடைக் கோப்பிலேயே இடம் உண்டு. சொன்னபடி கேட்காத பையன்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

வரலாறு சுருக்கமானது, சச்சரவு மிகுந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த ராமநாதன் குஹாவும் டான் லிபியும் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் உருவாக்கிய முதல் வடிவம் 1999 மார்ச்சில் வந்தது. நிறுவனம் கைவிட, மென்பொருள் உருவாக்குநர் டேவ் வைனர் 2002-இல் 2.0 வடிவத்தை வெளியிட்டார். 2013 ஜூலை 1 அன்று கூகுள் ரீடர் என்ற படிப்பான் மூடப்பட்டதும் ஓடையே செத்துவிட்டது என்று எழுதினார்கள். பாட்காஸ்ட்கள் இன்றும் ஓடுவது அதன் மேல்தான்.

ஒரு குறை உண்டு. ஓடையில் வருவது பதிவிட்ட நேரத்து விலை. பிறகு கடைக்காரர் விலையை ஏற்றினாலும், சரக்கு தீர்ந்தாலும் யாராவது பதிவைத் திருத்தும்வரை பழைய எண்ணே நிற்கும். பணம் கட்டுமுன் கடையின் பக்கத்தில் விலையை ஒருமுறை சரிபாருங்கள். ஓடையின் அடையாளச் சின்னம் தளத்தில் கண்ணில் படாவிட்டாலும் சோர வேண்டாம்: வேர்ட்பிரஸ்ஸில் இயங்கும் தளமானால், முகவரியின் முடிவில் ஒரு சாய்கோடும் ‘ஃபீட்’ என்ற ஆங்கிலச் சொல்லும் சேர்த்துப் பாருங்கள், பெரும்பாலும் கிடைத்துவிடும்.