விடுதி, படைக் குடியிருப்புகளில் பாலியல் அத்துமீறல்: அருகில் இருப்பவர் செய்யக்கூடியது என்ன?

மும்பை: மாணவர் விடுதி, படைவீரர் தங்குமிடம் போன்ற இடங்களில் பாலியல் அத்துமீறல் தொடங்கும்போது, அதைப் பார்க்கவோ கேட்கவோ கூடியவர் பெரும்பாலும் அருகிலேயே இருப்பார். ஆனால் அத்துமீறியவர், பாதிக்கப்பட்டவர், பார்த்தவர் ஆகிய மூவரும் மறுநாள் காலை ஒரே உணவுக்கூடத்தில் அமர வேண்டியவர்கள். படையில் இன்னொரு சிக்கலும் உண்டு: தவறு செய்பவர், பார்த்தவருக்கே உத்தரவிடும் மூத்தவராக இருக்கலாம். ஒடிசாவின் ஐ.என்.எஸ். சில்கா தளத்தில் 2023 மார்ச்சில் பயிற்சி முடித்த கடற்படையின் முதல் அக்னிவீரர் அணியிலேயே 273 பெண்கள் இருந்தனர். எனவே இக்கேள்வி இந்தியப் படைகளுக்கும் புதிதல்ல.

தட்டிக்கேட்பது ஒன்றே வழி என்ற எண்ணம் ஆபத்தானது. 2011 அக்டோபரில் மும்பை அந்தேரியில், தோழியரைச் சீண்டியவர்களை எதிர்த்த இரு இளைஞர்கள் கத்தியால் குத்தப்பட்டு உயிரிழந்தனர். 2016-இல் நால்வருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. சுற்றி நின்றவர்கள் உதவிக்கு வரவில்லை என்பதே அன்று நகரை உலுக்கியது.

கூட்டம் ஏன் உறைந்து நிற்கிறது? அமெரிக்க உளவியலாளர்கள் லட்டானே, டார்லி ஆகியோர் 1968-இல் வெளியிட்ட ஆய்வில், அறைக்குள் புகை நுழைந்தபோது தனியாக இருந்தவர்களில் 75 சதவீதத்தினர் தகவல் தெரிவித்தனர். கண்டுகொள்ளாததுபோல் நடித்த இருவருடன் அமர்ந்தவர்களில் 10 சதவீதத்தினரே எழுந்தனர். பிறர் அமைதியாக இருந்தால் ஆபத்தே இல்லை என்று மனம் முடிவு செய்துவிடுகிறது. 

அமெரிக்க விமானப்படை 2016-இல் ஏற்ற 'கிரீன் டாட்' பயிற்சி மூன்று வழிகளைச் சொல்கிறது: நேரடியாகத் தடுப்பது, கவனத்தைத் திருப்புவது, தலையிட வல்லவரிடம் ஒப்படைப்பது. கதவைத் தட்டி "உன்னைக் காவல் அறையில் கூப்பிடுகிறார்கள்" என்று பாதிக்கப்படுபவரை வெளியே அழைத்து வருவதும் தலையீடுதான். அதற்கு வீரம் தேவையில்லை. பணியில் இருக்கும் அதிகாரிக்கோ விடுதிக் காப்பாளருக்கோ உடனே தெரிவிப்பதும் அவ்வாறே. அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181 ஆகிய எண்கள் உள்ளன.

பயிற்சி அளித்தால் போதுமா என்றால், மும்பை அனுபவம் எச்சரிக்கிறது. 46 பள்ளிகளைச் சேர்ந்த 309 கிரிக்கெட் மாணவர்களிடம் நடந்த 'பரிவர்த்தன்' ஆய்வின் முடிவுகள் 2014-இல் வெளியாயின. பயிற்சி பெற்ற பயிற்றுநர்களிடம் ஆடிய சிறுவர்களின் பாலினச் சமத்துவ மனப்பான்மை உயர்ந்தது. சீண்டலைப் பார்த்துச் சிரித்து உடன்போகும் வகை நடத்தை சற்றே குறைந்தது. ஆனால் முன்வந்து தடுப்பது கூடவில்லை. மனம் மாறுவது எளிது, கால் நகர்வதுதான் கடினம் போலும்.

பார்த்தவருக்குச் சட்டத்திலும் இடம் உண்டு. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் 2013 விதிகளின்படி, பாதிக்கப்பட்ட பெண்ணால் புகார் அளிக்க இயலாதபோது, அவரது எழுத்துபூர்வ ஒப்புதலுடன் சம்பவத்தை அறிந்தவர் புகார் தரலாம். உயர்கல்வி நிறுவனங்களுக்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிமுறைகள் உடன்பயிலும் மாணவருக்கும் அந்த வழியைத் திறக்கின்றன. ஆண், மூன்றாம் பாலின மாணவர்களும் பாதிக்கப்படலாம் என்பதையும் ஏற்கின்றன.

புகார் காவல் நிலையம்வரை செல்லும்போது துணை நிற்கும் ஏற்பாடு ஒன்று தேவ்நாரிலிருந்தே உருவானது. அங்குள்ள டாடா சமூக அறிவியல் நிறுவனம் 1984-இல் மும்பை காவல்துறையுடன் இணைந்து பெண்கள், குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவைத் தொடங்கியது. பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்கள் காவல்துறை வளாகத்திலேயே அமர்ந்து, வருபவரிடம் முதலில் பேசுகின்றனர்.