பிச்சாவரத்துப் பக்கம் ஓட்டல் கட்டினால்: பெர்மாகல்ச்சர் குறிப்புகள்

பெர்மாகல்ச்சர்னு சொன்னதும் பலருக்கு மூலிகைத் தோட்டம், மண் சுவர், வட்டப் பாத்தி இதெல்லாம்தான் ஞாபகம் வரும். ஆஸ்திரேலியாவில் பில் மாலிசனும் டேவிட் ஹோம்கிரெனும் 1978இல் புத்தகமாகக் கொண்டுவந்த இந்த முறையின் அடிப்படை அது இல்லை. முதலில் நிலத்தைக் கவனிக்கணும். தண்ணீர் எங்கிருந்து வருது, எங்கே தங்குது, எங்கே போகுதுன்னு பார்க்கணும். நடுவதெல்லாம் அதுக்கு அப்புறம்.

இதுக்கு நல்ல பாடம் சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில் இருக்கு. பெர்மாகல்ச்சர் என்ற பெயர் இல்லாமலே நடந்த வேலை அது.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருப்பது பிச்சாவரம் அலையாத்திக் காடு. பிரிட்டிஷ் காலம் தொட்டு 1970கள் வரை, பகுதி பகுதியாக மரங்களை மொத்தமாக வெட்டி எடுக்கும் முறை இங்கே இருந்தது. வெட்டின இடத்தில் காடு தானாகத் திரும்பி வரும்னு எதிர்பார்த்தார்கள். வரல. ஆடு மாடு மேய்வதும் விறகு வெட்டுவதும்தான் காரணம்னு பலர் நினைத்தார்கள்.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நிலத்தைப் பார்த்தபோது வேறு காரணம் தெரிந்தது. மரம் போனதும் வெயில் நேராக மண்ணில் விழுந்து, மண் காய்ந்து அமுங்கி, நிலம் தட்டு மாதிரி குழிந்துவிட்டது. ஓதத்தில் உள்ளே வந்த கடல்நீர் வெளியே போக வழியில்லை. தேங்கின நீர் கோடையில் ஆவியாகி உப்பு ஏறிக்கொண்டே போனது. அந்த உப்பில் எந்தக் கன்றும் பிழைக்காது.

தீர்வு, கால்வாய். கழிமுகத்தோடு சேரும் ஒரு முதன்மைக் கால்வாய், அதிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாகப் பிரியும் கிளைக் கால்வாய்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் மாதிரி இருக்கும். ஓதம் ஏறும்போது நீர் உள்ளே போய், இறங்கும்போது உப்பையும் கழுவிக்கொண்டு வெளியே வரும். அதுக்கப்புறம்தான் வெண்கண்டல் கன்றுகள் நட்டார்கள், பிழைத்தன. வனத்துறையும் பக்கத்துக் கிராம மக்களும் இதில் சேர்ந்து வேலை செய்தார்கள். தண்ணீர் வழியைச் சரிசெய்யாமல் எத்தனை ஆயிரம் கன்று நட்டிருந்தாலும் அது வெறும் போட்டோவுக்குத்தான் ஆகியிருக்கும்.

இப்போ ஓட்டலுக்கு வருவோம். 2022இல் பிச்சாவரம் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. இப்படிப் பெயர் பரவுகிற இடத்துக்குப் பயணிகள் வருவார்கள், தங்க அறை கேட்பார்கள். பெர்மாகல்ச்சரில் நிலத்தை மண்டலங்களாகப் பிரிப்பார்கள். வீடு 0, மனிதக் கை படாத காடு 5. இங்கே ஓட்டல் 0, அலையாத்தி 5. இரண்டும் தனித்தனின்னு தோணும். ஆனா ஓட்டலில் குளித்த தண்ணீரும் சமையலறை எண்ணெயும் கடைசியில் போய்ச் சேருவது அந்த 5இல்தான்.

ஒரு சின்னக் கணக்கு. 20 அறை, 40 படுக்கை. ஓட்டலில் படுக்கைக்கு நாளொன்றுக்கு 180 லிட்டர் என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. ஆக 7,200 லிட்டர். கூரை 500 சதுர மீட்டர், ஆண்டு மழை 1,200 மில்லிமீட்டர், அதில் 80 சதவீதம் பிடிபடும்னு வைத்தால் 4,80,000 லிட்டர். ஓட்டல் நிறைந்திருந்தால் 66 நாளைக்குத்தான் வரும். அதுவும் மழை கொட்டுவது ஐப்பசி, கார்த்திகையில்; தட்டுப்பாடு சித்திரை, வைகாசியில். மீதிக்கு ஆழ்துளைக் கிணற்றை நம்பினால், கடலோரத்தில் நல்ல தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச உப்புநீர் உள்ளே ஏறும். அது ஓட்டலோடு நிற்காது, பக்கத்து வீட்டுக் கிணற்றையும் கெடுக்கும்.

அதனால் ஒரே தண்ணீரை இரண்டு தடவை பயன்படுத்துவதுதான் வழி. நம்ம வீட்டுக் கொல்லையில் குளியல் தண்ணீர் போகிற இடத்தில் வாழையும் கல்வாழையும் வைப்பாங்களே, அதே யோசனைதான், கொஞ்சம் பெரிய அளவில். சமையலறைத் தண்ணீர் முதலில் எண்ணெய் பிரிக்கும் தொட்டிக்குப் போகணும். கழிப்பறைக் கழிவுக்கு அடியும் பக்கமும் கசியாத தொட்டி வேணும், ஏன்னா மணல் பூமியில் நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்தில் இருக்கும். அதிலிருந்து வருவது நாணல் படுகை வழியாக வடிந்து தோட்டத்தில் முடியணும், வாய்க்காலில் இல்லை.

இதில் நஷ்டப்படப் போவது யார்னு பார்த்தால் விஷயம் புரியும். பிச்சாவரத்தை ஒட்டி வாழும் இருளர் மக்கள் அந்தத் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். வாய்க்கால் கெட்டால் ஓட்டல்காரர் வேறு ஊருக்குப் போய்விடலாம். அவங்களுக்கு அந்த வசதி இல்லை.

அடுத்த தடவை ‘இயற்கை விடுதி’ன்னு பலகை பார்த்தால் தோட்டத்தை அப்புறம் பார்க்கலாம். குளித்த தண்ணீர் எங்கே போகுதுன்னு முதலில் கேளுங்க.