ஏழையின் நோய்க்கு மருந்து எங்கே?

"பணம் பத்தும் செய்யும்" என்பார்கள். பணம் இல்லாத இடத்தில் என்ன நடக்கும்? நோய்க்கு மருந்துகூடப் பிறக்காது!

1975 முதல் 1999 வரை, 25 ஆண்டுகளில் உலகில் 1,393 புதிய மருந்துகள் வந்தன. அவற்றில் காசநோய்க்கும் வெப்ப நாட்டு நோய்களுக்கும் வந்தவை எத்தனை தெரியுமா? வெறும் 16!

புதிய மருந்தைக் கண்டுபிடித்துச் சோதிக்க ஏராளமான பணம் செலவாகிறது. போட்ட பணம் திரும்பி வருமா என்றுதான் கம்பெனிகள் பார்க்கின்றன. நோயாளி ஏழை என்றால் ஆராய்ச்சியே தொடங்குவதில்லை.

தூக்க நோய்

ஆப்பிரிக்காவின் தூக்க நோய் இதற்குச் சாட்சி. 'செட்சீ' என்ற ஈ கடிப்பதால் இந்த நோய் வருகிறது. முதலில் காய்ச்சல், தலைவலி. பிறகு கிருமி மூளையைத் தாக்கும். நோயாளி பகலில் தூங்குவார், இரவில் விழித்திருப்பார். புத்தி தடுமாறும். சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலும் மரணம்தான்.

மருந்தா, விஷமா?

இந்த நோய் முற்றியவர்களுக்கு 1949 முதல் ஓர் ஊசி மருந்து போடப்பட்டது. அதில் இருந்தது பாஷாணம்! ஏறக்குறைய 20 பேருக்குப் போட்டால், ஒருவர் மருந்தாலேயே இறந்தார். ஆனாலும் டாக்டர்களுக்கு வேறு வழி இல்லை.

1990-ல் நல்ல மருந்து ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது. புற்றுநோய்க்காக ஆராயப்பட்ட மருந்து அது. சாகக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். ஆனால் லாபம் இல்லை என்று சில ஆண்டுகளில் தயாரிப்பு நின்றது.

2000-ல் அதே மருந்து அமெரிக்காவில் மீண்டும் தலைகாட்டியது. எதற்காக? பெண்களின் முகத்தில் வளரும் ரோமத்தைக் குறைக்கும் 'கிரீம்' ஆக!

டாக்டர்கள் கொதித்து எழுந்தார்கள். உலக சுகாதார ஸ்தாபனமும் பேசியது. 2001-ல், ஆப்பிரிக்க நோயாளிகளுக்கு அந்த ஊசி மருந்தை இலவசமாகத் தரக் கம்பெனி சம்மதித்தது.

ஊர் கூடித் தேர் இழுத்தது

ஒவ்வொரு தடவையும் கெஞ்சிக் கொண்டிருக்க முடியுமா? 2003-ல் ஜினீவாவில், கைவிடப்பட்ட நோய்களுக்கு மருந்து காண்பதற்கென்றே ஒரு ஸ்தாபனம் தொடங்கியது. லாபம் அதன் நோக்கம் அல்ல. பிரான்சு, பிரேசில், கென்யா, மலேசியா ஆகிய நாடுகளோடு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் அதைத் தொடங்கியவர்களில் ஒன்று. 1999-ல் நோபல் சமாதானப் பரிசு பெற்ற 'எல்லையற்ற மருத்துவர்கள்' சங்கமும் சேர்ந்தது.

அவர்கள் பழைய மருந்துகளை ஒவ்வொன்றாகத் தேடினார்கள். ஒரு கம்பெனி 1980-களில் கைவிட்ட மருந்து ஒன்று 2005-ல் அகப்பட்டது. அதன் பெயர் பெக்சினிடசோல். காங்கோவில் நோயாளிகளிடம் அதைச் சோதித்தார்கள். 2018-ல் காங்கோ சர்க்கார் அனுமதி வழங்கியது. ஊசி வேண்டாம், 10 நாள் மாத்திரை போதும்!

1998-ல் ஏறக்குறைய 40,000 பேருக்குத் தூக்க நோய் என்று பதிவானது. 2018-ல் அது 1,000-க்கும் கீழே இறங்கியது. கிராமம் கிராமமாகப் போய்ப் பரிசோதித்த சுகாதார ஊழியர்களுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு.

செய்ய வேண்டியது என்ன?

தூக்க நோய்க்கு விடிவு பிறந்தது போல, மற்ற ஏழை நோய்களுக்கும் பிறக்க வேண்டாமா? சர்க்கார்கள் ஆராய்ச்சிக்குக் கொடுப்பது மக்களின் வரிப்பணம். எந்த நோயை முதலில் ஆராய்வது என்பதை மக்களின் தேவை முடிவு செய்ய வேண்டும். அப்படிக் கிடைக்கும் மருந்தை ஏழையும் வாங்கும் விலையில் விற்கவேண்டும் என்று, பணம் கொடுக்கும்போதே நிபந்தனை போட வேண்டும்.

20 ஆண்டுகளுக்கு மேல் யாரும் தொடாமல் கிடந்த மருந்து இன்று உயிர் காக்கிறது. கேட்பார் இல்லாமல் இன்னும் எத்தனை மருந்துகள் கிடக்கின்றனவோ!