கல்லூரிக் காலமும் வாழ்க்கைத் தொழிலும்

கல்லூரிக் காலம் பரீட்சைக்கு மட்டுமே உரியதெனக் கருதுவோர் பலர். பட்டம் தொழிலின் வாயிலைத் திறக்கலாம். உள்ளே நிலைத்து நிற்கச் செய்வன குணமும் பயிற்சியுமேயாம்.

காரைதீவில் 1892இல் பிறந்து, பின்னாளில் விபுலானந்த அடிகள் எனப் பெயர்பெற்ற மயில்வாகனனார் இதற்குச் சான்றாவார். ஆசிரியப் பயிற்சி பெற்றிருந்த அவர், 1916இல் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமாவும், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டமும் ஒருங்கே பெற்றார். ஒரு கல்வி மற்றொன்றுக்குத் தடையாகவில்லை. 1947இல் வெளிவந்த யாழ்நூலில், பழந்தமிழிசையைக் கணிதமும் பௌதிகமும் துணையாக அவர் ஆராய்ந்தமை அவ்விரு கல்வியின் விளைவன்றோ?

ஏற்ற வேலையைக் குறித்த பொழுதில் முடித்தல், பாடத்துக்கு அப்பாலும் ஒரு துறையை ஆழ்ந்து கற்றல், பிறரோடு இணங்கி உழைத்தல் ஆகியவற்றைக் கல்லூரியிற் பழகாதவன் கந்தோரிற் பழகுவது அரிது. வீணே கழிந்த ஆண்டுகளைப் பட்டம் ஈடுசெய்யாது.