கம்பியில்லாக் கருவிக்கும் கம்பி வேண்டும்

குருபோங் தொழிற்பேட்டையில் தொழிற்பயிற்சியில் இருந்தபோது, ஒரு தொழிற்சாலையின் கூரையடியில் மாட்டியிருந்த கம்பியில்லா வலையமைப்புக் கருவி அடிக்கடி அணைந்து எழுந்தது. அலைக் கோளாறு என்றே நினைத்தோம். கருவியைக் கழற்றிவிட்டு மின்கம்பி முனையில் அளந்தால் மீட்டர் ஒழுங்காக 24 வோல்ட்டு காட்டியது. மாட்டி, ஓடவிட்டு அளந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது: 20 வோல்ட்டு!

காரணம் எளிது. 60 மீட்டர் நீண்ட மெல்லிய செப்புக்கம்பிக்குப் போகவர ஏறத்தாழ 4 ஓம் தடை. 1 ஆம்பியர் பாய்ந்தால் 4 வோல்ட்டு வழியிலேயே தொலையும்; மின்னோட்டம் இல்லையேல் இழப்பும் இல்லை. ஆகவே, கருவி வேலை செய்யும்போதே அளக்க வேண்டும்.

தரவுக்கம்பி வழியாகவே 48 வோல்ட்டு அளவில் மின்சாரம் அனுப்பும் முறையும் உண்டு. 2003-இல் வந்த தரம் 15.4 வாட்டு மட்டுமே தந்தது. 2009-இல் அது 30 வாட்டானது. எங்கள் கருவி அதை ஏற்காத பழைய வகை. தடித்த கம்பியே இழுத்தோம்.