'கண்டம்' ஆன டிராக்டர்

ஜோசியர் சொல்லும் கண்டம் வேறு. ஒர்க் ஷாப்பில் சொல்லும் கண்டம் வேறு. பின்னது 'கண்டெம்' என்ற ஆங்கிலச் சொல் நம் வாயில் தேய்ந்து வந்தது. 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரி நகரில் ராணுவ பென்ஷன் வாங்கிய பெரியவர்களுக்கு 'ரெஃபோர்ம்' என்ற சொல் புரியும். உடல் தகுதியிழந்து விலக்கப்பட்ட சிப்பாய், ஓய்ந்த தளவாடம், மந்தையிலிருந்து கழித்த கறவைப் பசு, மூன்றுக்கும் பிரெஞ்சில் அது ஒன்றேதான். மனிதனுக்கென்று தனி மரியாதை கிடையாது போலும்!

கண்டம் என்றால் பொருள் அறவே உடைந்தது என்று அர்த்தமில்லை. ரிப்பேர் செலவு கட்டுப்படியாகாது என்று அலுவலகம் இருப்பிலிருந்து நீக்கியது, அவ்வளவே. ஏலத்தில் வரும் பழைய ஆயில் எஞ்சின் உதிரி பாகத்துக்காவது உதவும்.

டிராக்டர் சங்கதி வேறு. 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளுக்கு 1-4-2023 முதல் பதிவு கிடையாது. அவை பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையத்துக்கே போகவேண்டும். அத்தகைய வண்டியை ரோட்டில் ஓட்டலாம் என்று யாரேனும் விலை பேசினால் விவசாயிகள் ஏமாறக்கூடாது.

சொந்த டிராக்டருக்கு இந்தக் கெடு இல்லை. 15 ஆண்டு முடிந்ததும் வண்டியைக் காட்டி, தகுதி இருந்தால் 5 ஆண்டுக்குப் பதிவைப் புதுப்பிக்கலாம். இனி உதவாது என்று உடைத்துப் போட்டால், 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்கு எழுதி, ஆர்.சி. புத்தகத்தையும் ஒப்படைக்கவேண்டும். செய்யாவிட்டால், பழைய இரும்பாகிப் போன வண்டி ஆபீஸ் ஏட்டில் அவர் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும்.