கிதாரோடு ஆடும் பாம்பு
திருவனந்தபுரம் "அவியல்" குழுவின் பாட்டுத் தொகுதியில் ஒரு தமிழ் வாசனை

திருவனந்தபுரம்:

சாலைக் கடைத்தெருவில் நாள் முழுவதும் சரக்குக் கணக்கு எழுதிய களைப்போடு தந்தை வீடு திரும்புகிறார். உள்ளே மகனின் அறையில் கிதார் அலறுகிறது. டிரம்ஸ் இடி இடிக்கிறது. "இது என்னடா பாட்டு? காது கிழியுதே! கொஞ்சம் குறைடா!" என்று சத்தம் போடுகிறார். மகன் ஒலியைக் குறைக்கிறான். குறைத்த பிறகுதான் சொல் காதில் விழுகிறது. பாடுகிறவர் பாம்பை அழைத்து ஆடச் சொல்கிறார். தந்தை செருப்பைக் கழற்றாமல் அப்படியே நிற்கிறார். "இது நம்ம பாம்பாட்டிச் சித்தர் பாட்டு மாதிரி இல்ல இருக்கு?" என்று கேட்கிறார்.

இந்நகரில் வாழும் தமிழர் வீடுகளில் நடக்கக்கூடிய காட்சிதான் இது. தந்தையின் சந்தேகத்தில் உண்மையும் உண்டு. அந்தப் பாட்டின் பெயர் "ஆடு பாம்பே". அதைப் பாடியது "அவியல்" என்ற மலையாள ராக் இசைக் குழு.

பெயரே சொல்லும்

2003-ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் தோன்றிய குழு இது. டோனி ஜான், கிதார் கலைஞர் ரெக்ஸ் விஜயன் ஆகியோர் இதன் முதுகெலும்பு. தொடக்கத்தில் முன்னணிப் பாடகராக இருந்தவர் ஆனந்தராஜ் பெஞ்சமின் பால். அவர் விலகிய பின் பாடும் பொறுப்பை டோனி ஜான் ஏற்றுக்கொண்டார். டிரம்ஸ் வாசித்தவர் மிதுன் புத்தன்வீட்டில். பேஸ் கிதார் பின்னி ஐசக்.

அவியல் என்றால் என்ன என்று நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை. நாகர்கோவில், திருநெல்வேலிப் பந்திகளில் அவியல் இல்லாத இலை உண்டா? சேனை, வாழைக்காய், முருங்கைக்காய், தடியங்காய் எல்லாம் ஒரே சட்டியில் வேகும். ஆனால் ஒன்றும் குழைந்து தன் வடிவை இழந்துவிடாது. தேங்காயும் சீரகமும் பச்சை மிளகாயும் அரைத்த அரைப்புத்தான் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கும். மேல்நாட்டுக் கிதாரும் மின்னணு ஒலிகளும் கேரளத்து நாட்டுப் பாட்டும் கலந்த இசைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது.

மாற்று ராக் என்பது

இந்த வகை இசையை மேல்நாட்டில் "ஆல்டர்நேட்டிவ் ராக்", அதாவது மாற்று ராக் என்பார்கள். 1980-களில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பெரிய இசைத்தட்டுக் கம்பெனிகளின் தயவை நாடாமல், சிறிய கம்பெனிகள் மூலம் தங்கள் பாட்டைத் தங்கள் போக்கில் வெளியிட்ட இளைஞர்களிடமிருந்து வந்த பெயர் அது. 1991-இல் "நிர்வாணா" என்ற அமெரிக்கக் குழுவின் "நெவர்மைண்ட்" தொகுதி உலகெங்கும் விற்ற பிறகு, ஓரத்தில் இருந்த இந்த இசை நடு வீதிக்கு வந்தது.

நம் நாட்டுக் கல்லூரி விழாக்களிலும் ராக் குழுக்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்திலேயே பாடின. ராக் என்றால் ஆங்கிலம் என்ற எண்ணம் அந்த அளவுக்கு ஊறிப்போயிருந்தது. அந்த எண்ணத்தை உடைத்ததுதான் அவியல் குழு செய்த பெரிய காரியம். 2003-இல் வந்த "நட நட" என்ற பாட்டு இளைஞர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது. அந்தத் தலைப்புக்குத் தமிழிலும் மலையாளத்திலும் பொருள் ஒன்றே.

தொகுதியின் உள்ளே

குழுவின் பெயரையே தாங்கிய முதல் தொகுதி 2008-ஆம் ஆண்டு "பாட் ஃபிஷ் ரெக்கார்ட்ஸ்" வெளியீடாகக் குறுந்தகட்டில் வந்தது. மொத்தம் எட்டுப் பாட்டுகள். காதல் டூயட் எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றம்தான். "ஞான் ஆரா" என்று ஒரு பாட்டின் தலைப்பு. "ஆராண்டா" என்று இன்னொன்றின் தலைப்பு. நான் யார் என்று ஒன்று கேட்கிறது. யாரடா அது என்று மற்றொன்று கேட்கிறது. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு இரண்டும் பழகிய கேள்விகளே.

"கருகரா" என்ற பாட்டின் வரலாறு சுவையானது. நாடக மேதை காவாலம் நாராயணப் பணிக்கரின் மழை மேகப் பாட்டு அது. 1979-இல் வெளிவந்த, ஜி. அரவிந்தன் இயக்கிய "கும்மாட்டி" படத்தில் இடம்பெற்றது. கார்முகில், கொம்பன் ஆனை என்று அதில் வரும் சொற்களைத் தமிழ்க் காது மொழிபெயர்ப்பு இல்லாமலே பிடித்துக்கொள்ளும். கொட்டும் தாளமுமாக இருந்த அந்தப் பாட்டைக் கிதாரின் உறுமலோடு பாடும்போது, மேகம் உண்மையிலேயே தலைக்கு மேல் வந்துவிட்டது போலத் தோன்றுகிறது.

சித்தரும் குருவும்

தொகுதியில் நம்மவர் அவசியம் கேட்க வேண்டியது "ஆடு பாம்பே". இதன் சொற்கள் 1928-இல் மறைந்த ஸ்ரீநாராயண குரு இயற்றிய "குண்டலினிப் பாட்டு" என்ற நூலைச் சேர்ந்தவை. முதுகுத் தண்டின் அடியில் பாம்பைப் போலச் சுருண்டு கிடக்கும் சக்தியை யோகத்தால் எழுப்பி மேலேற்றுவதைப் பற்றியது அது. பதினெண் சித்தர்களில் ஒருவரான பாம்பாட்டிச் சித்தரும் இதே பாம்பைத்தான் தமிழில் ஆட்டிவைத்தார். பாட்டுக்குப் பாட்டு பாம்பை விளித்து ஆடச் சொல்லும் முறை இருவரிடமும் உண்டு.

இது தற்செயல் அல்ல. இந்நகரை அடுத்த செம்பழந்தியில் பிறந்த குரு தமிழ் நூல்களைக் கற்றவர். தமிழிலேயே பதிகங்களும் பாடியவர். இன்று குமரி மாவட்டத்தில் உள்ள மருத்துவாழ் மலைக் குகையில் தவம் இருந்தவர். அவருக்கு யோகம் கற்பித்த தைக்காடு ஐயாவு சுவாமிகள் ஒரு தமிழர். அவர் மடாதிபதி அல்ல; தைக்காடு ரெசிடென்சியில் சூப்பரின்டெண்டென்டாக உத்தியோகம் பார்த்தவர். பகலில் ஆபீஸ் வேலை, மற்ற நேரத்தில் யோகம் என்று வாழ்ந்து 1909-இல் சமாதியானார். சாதி பார்க்காமல் சீடர்களை ஏற்றவர், எல்லோரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தவர் என்று இவ்வூர் அவரைப் போற்றுகிறது.

ராக் இசைக்கும் சித்தர் பாட்டுக்கும் என்ன பொருத்தம் என்று கேட்கலாம். பொருத்தம் அமைப்பிலேயே இருக்கிறது. ராக் இசை ஒரு சிறு கிதார் துணுக்கைத் திரும்பத் திரும்ப வாசித்து வேகம் ஏற்றுவது. சித்தர் பாட்டும் ஒரே அழைப்பைத் திரும்பத் திரும்பச் சொல்லி மனத்தை ஒரு நிலைக்குக் கொண்டுவருவது. மகுடி இருந்த இடத்தில் கிதார் வந்திருக்கிறது. பாம்பு அதே பாம்புதான்.

குறையும் உண்டு

எல்லாம் நிறை என்று சொல்லிவிட முடியாது. சில இடங்களில் வாத்தியங்களின் இரைச்சலில் சொல் அமுங்கிப் போகிறது. குருவின் வாக்கை இப்படிப் பாடலாமா என்று பெரியவர்கள் முகம் சுளித்தால் அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் புத்தக அலமாரியில் இருந்த பாட்டைக் கல்லூரிப் பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து பாட வைத்தது இந்த இரைச்சல்தான் என்பதையும் மறக்கக் கூடாது.

இதன் பிறகு குழு "சால்ட் அண்ட் பெப்பர்" (2011) படத்துக்காக "ஆனக்கள்ளன்" பாட்டைத் தந்தது. ரெக்ஸ் விஜயன் "சாப்பா குரிசு" (2011), "மாயாநதி" (2017) முதலிய படங்களுக்கு இசையமைத்தார். தமிழகத்திலும் 2018 ஜனவரியில் "தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்" குழு சென்னையில் மேடையேறி, கானாவையும் ராக்கையும் சேர்த்துச் சாதிக் கொடுமையைப் பாடியது. சொந்த மொழி, சொந்த மண்ணின் பாட்டு என்று வந்துவிட்டால் கூட்டம் தானே சேரும் என்பதற்கு இவை சான்று.

நம் வீட்டுப் பிள்ளைகள்

இங்கே பிறந்து வளரும் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும். எழுதப் படிக்க வராது. பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும். வீட்டில் தமிழ் சோற்றுக்கும் குழம்புக்கும் மட்டும். சித்தர் பாடல்களை எடுத்துப் படி என்றால் எந்தப் பிள்ளை உட்காரும்? ஆனால் தானே விரும்பிக் கேட்கும் பாட்டுக்குள் தமிழ் மரபு ஒளிந்திருக்கிறது என்று தெரிந்தால், மூலத்தைத் தேடிப் போக ஒரு வழி பிறக்கும். அந்த வழியைக் காட்ட வேண்டியது தகப்பனார்தான். "சத்தத்தைக் குறை" என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்ளாமல், "இந்தப் பாம்பு எங்கிருந்து வந்தது தெரியுமா?" என்று கேட்டுப் பார்க்கலாம்.

தம்பானூர் ரயில் நிலையத்திலிருந்து தைக்காடு அதிக தூரமில்லை. ஐயாவு சுவாமிகளின் சமாதிக் கோயில் அங்கே இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை அழைத்துக்கொண்டு நடந்தே போய் வரலாம்.